அணில் எந்தப் பொந்தில்

...அனுப்பியதுதான் அனுப்பினான், வேறு நாளே கிடைக்கவில்லையா, இன்றைக்குப் பார்த்தா அனுப்ப வேண்டும், என்று நினைத்துக்கொண்டே சுமித்ரா கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள், பேருந்து செம்மேட்டை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் வந்திருந்தது, ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, குளிர்காற்று சரியாகக் கழுத்தில் அடித்தது. காலையில் அவள் புறப்படும்போது யுவராஜ் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தலையணைமேல் தூக்கி வைத்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டு, போயிட்டு வா என்று மட்டும்தான் சொன்னான், கட்டின பெண்டாட்டி இரண்டாம் முறையாக லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகிறாளே, ஒரு நல்ல வார்த்தை... இல்லை, அவனுக்கு அது வராது, அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வரவழைக்க நாலு ஆள் பிடித்து இழுக்க வேண்டும். சரி, போகட்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் அங்கேயே போன் முனகியது, அவன்தான், எழுத்து ஒன்றுமில்லை, வெறும் வீடியோ, சின்னப் படத்தில் மஞ்சள் கோட்டு, பச்சைக் கண்ணாடி, பல் முழுக்கச் சிரிப்பு. பட்டாணி அண்ணன். சின்ன வயதில் பார்த்த பம்பரம் டிவி. அணில் வேட்டை. பார்த்தவுடன் சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை, அப்புறம் கோபம் வந்தது, அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. லேட்டு என்று கூப்பிடாமலேயே லேட்டு என்று கூப்பிட்டுவிட்டான்.

லேட்டு. ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் சுமித்ரா என்பது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். பத்து, பதினோரு வயதில் ஒட்டிய பெயர், பள்ளிக்கூடத்தில் கூட வந்தது, காட்டு வேலைக்குக் கூட வந்தது, மாமன் மகனையே கட்டிக்கொண்டதால் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. பெயர் என்றால் வெறும் பெயர்தானே, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதானே... என்று அவளும் ரொம்ப நாள் நினைத்திருந்தாள், போன தடவை பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கல்லுகிட்ட நிறுத்துங்கம்மா என்று சொல்லும்வரை. காதில் விழுந்தது, நன்றாகத்தான் விழுந்தது, ஆனால் இந்தக் கல்லைத்தான் சொன்னாரா, நிறுத்தச் சொன்னாரா, மெதுவாகப் போகச் சொன்னாரா, இன்னொரு தடவை சொல்வார் என்று கால் காத்துக்கொண்டே இருந்தது, கல் பின்னால் போய்விட்டது. அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. காது கேட்டுச்சு இல்லம்மா, கேட்டா காலு போகணும், நடுவுல நீங்க என்ன யோசிக்கறீங்க என்றார். நடுவில்... அவருக்கு எப்படித் தெரியும்.

இந்தத் தடவையும் டெஸ்ட் போனால் வண்டி போய்விடும். யுவராஜ் மிளகு பறிக்க ஏணியில் ஏறி, சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, காலுக்குள் தகடு வைத்து, கிளட்ச் மிதிப்பதை இந்த வருசம் மறந்துவிடு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து குட்டியானை லோடு வண்டி பலா மரத்தடியில் நிற்கிறது, இலையும் பறவை எச்சமும் விழுந்து கண்ணாடி மூடிக் கிடக்கிறது, வாரம் ஒருமுறை அவள்தான் துடைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து புரோக்கர் பார்க்க வருகிறார். லைசென்ஸ் வந்துட்டா வர வேண்டாம்னு சொல்லிடலாம், வரலேன்னா குடுத்துடலாம், சும்மா நின்னா துருப்பிடிக்கும் என்று யுவராஜ் சொன்னான், சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்கிற அதே குரலில். அவனுக்கு அது வண்டி. அவளுக்கு... மிளகும் அன்னாசியும் வாசலில் வந்து கேட்கிறவன் சொல்கிற விலைக்கே போகாமல், தானே ஏற்றிக்கொண்டு தானே கீழே கொண்டுபோய் இறக்குகிற வண்டி, ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தால் மலை வேறு மாதிரி தெரிகிற வண்டி. அவளுக்கு அந்த வண்டி வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் லேட்டுக்கு வந்த ஆசையைப் பாரு என்பார்கள்.

பேருந்து வளைவுகளுக்கு வந்துவிட்டது, நம்பர் போட்ட மஞ்சள் பலகைகள், குரங்குகள், ஒவ்வொரு திருப்பத்திலும் நீளமான ஹாரன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாயி அக்கா மிளகு மூட்டையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு இவளுடைய காலையே கவனித்துக்கொண்டு வந்தாள். ஏங்கண்ணு, காலு மரத்துப் போச்சா, தகரத்த அந்த மிதி மிதிக்கறயே. சுமித்ரா குனிந்து பார்த்தாள், ஆமாம், வலது கால் கீழே தரைத்தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது, அது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. இல்லீங்க அக்கா, வண்டி டெஸ்ட்டுக்குப் போறேனுங்க, அந்த நெனப்பு. ஸ்கூட்டியா. குட்டியானைங்க. கண்ணாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ஓட்டு ஓட்டு, அப்பறம் எம் மூட்டைய இந்த பஸ்ஸுல எதுக்கு நான் கட்டி அழுவறேன் என்றாள், பிறகு முன்பக்கம் திரும்பி, டிரைவரு மிதிக்கறதுக்கு முன்னாலயே நீ மிதிச்சுப் போடற சாமி, பாவம், அந்தாளுக்கு வேலையே இல்ல, என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிச் சிரித்தாள். சுமித்ராவும் சிரித்து வைத்தாள், காதில் வாங்கவில்லை, மடியில் கவிழ்ந்து கிடந்த போன் கனத்துக்கொண்டே இருந்தது.

பம்பரம் டிவி... நாள் முழுக்க விளையாட்டு, வேறு ஒன்றும் கிடையாது, பாட்டு கிடையாது, செய்தி கிடையாது, பெரியவர்கள் அழுகிற நாடகம் கிடையாது. மாவுத் தட்டில் முகத்தை விட்டுக் காசு கவ்வுகிற போட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு எலுமிச்சம்பழத்தையும் தக்காளியையும் நாக்கால் கண்டுபிடிக்கிற போட்டி, தோற்றவன் தலையில் கொட்டுகிற பச்சைக் கூழ். அந்தக் கூழ் எதில் செய்தது என்று அவளும் தம்பி செல்வமும் யுவராஜும் ஒரு மழைக்காலம் பூராவும் சண்டை போட்டிருக்கிறார்கள், செல்வம் முருங்கைக்கீரை என்பான், யுவராஜ் பெயிண்ட் என்பான். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அவள் வீட்டில்தான் இருந்தது, ஓட்டின்மேல் டிஷ், மழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், மழை விட்டால் ஒட்டிக்கொள்ளும். அதில் வந்த பிள்ளைகள் எல்லாம் கோயம்புத்தூர், மதுரை, சென்னை, நல்ல செருப்பு போட்டிருப்பார்கள், மாவில் முகத்தை விடும்போதுகூடப் பயப்பட மாட்டார்கள். அவர்கள் மேல் பொறாமை இருந்ததா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் டிவிக்குள் இருந்தார்கள், இவர்கள் வெளியே இருந்தார்கள், மழை ஒரு பக்கம் பெய்வது மாதிரி அது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். ஆனால் அணில் வேட்டை மட்டும் வேறு, அதற்கு நேரில் போக வேண்டாம், போன் பண்ணினால் போதும். திரையில் ஒரு மரம், மூன்று பொந்து, இடது, நடு, வலது, அணில் ஓடி ஓடி ஏதோ ஒன்றில் ஒளியும், பட்டாணி அண்ணன் ஒன்று முதல் ஐந்துவரை எண்ணுவார், அதற்குள் எந்தப் பொந்து என்று சொல்லிவிட்டால் பம்பரம் படம் போட்ட பை வீட்டுக்கு வரும்.

சொல்வது சுலபம், ஆனால் வீட்டில் டவர் கிடையாது. அந்தக் காலத்தில் கொல்லிமலையின் குண்டனி நாட்டு ஊர்களில், அவர்கள் பக்கம் டவர் கிடைக்கிற ஒரே இடம் மேலே குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டி இருந்த பாறை, பெரியவர்கள் யாருக்காவது போன் பேச வேண்டும் என்றால் பாறைக்குப் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார்கள். டிவி கீழே, டவர் மேலே. இதற்கு யுவராஜ்தான் வழி கண்டுபிடித்தான், அவன் அப்பா ராசு மாமாவின் பட்டன் போனை எடுத்துக்கொண்டு பாறைமேல் அவன், டிவி முன்னால் செல்வம், நடுவில் காட்டு மேட்டில் சுமித்ரா. செல்வம் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்து அவளிடம் கத்துவான், அவள் மேலே பார்த்துக் கத்துவாள், அவன் போனில் சொல்வான். அவளுக்கு டிவியும் தெரியாது, போனும் கேட்காது, மற்ற இருவருக்கும் பார்க்கவோ பேசவோ ஏதாவது இருந்தது, அவளுக்குக் கிழங்குச் செடியும் காற்றும்தான். ஆனாலும் அதில் ஒரு பெருமை இருந்தது, தான் இல்லையென்றால் இரண்டு பேரும் தனித்தனி, அந்த நடுவிடம் தன்னுடையது. எத்தனையோ நாள் லைன் கிடைக்கவில்லை. கிடைத்த அன்றைக்கு யுவராஜ் பாறைமேல் நின்று கையை ஆட்டினான், அவள் செல்வத்துக்கு ஆட்டினாள்... அப்புறம் நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே, செல்வம் வலது என்றான், காற்றில் சரியாகக் கேட்கவில்லை, எதுடா என்று அவள் திருப்பிக் கேட்டாள், அவன் மறுபடி கத்தினான், அதற்கப்புறம் அவள் கத்தினாள், யுவராஜ் சொன்னபோது ஐந்து முடிந்திருந்தது. அடடா, லேட்டு தம்பி என்று பட்டாணி அண்ணன் சொன்னாராம். யுவராஜ் பாறையிலிருந்து இறங்கிவந்து, போனைப் பையில் போட்டுக்கொண்டே, அண்ணன் சொன்ன லேட்டை அப்படியே அவள் தலையில் இறக்கி வைத்தான், நடுவுல நின்னு தூங்கினயா, லேட்டு. அழுகை வந்தது, அழவில்லை. தான்தானே திருப்பிக் கேட்டது.

இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள், இன்னொரு தடவை வரவில்லை. ஒருநாள் காலையில் அந்தச் சேனல் நம்பரைப் போட்டால் வெறும் நீலம். காற்றில் டிஷ் திரும்பியிருக்கும் என்று யுவராஜ் ஓட்டின்மேல் ஏறினான், செல்வம் உள்ளே, அவள் வாசலில், வருதாடா, வரலேன்னு சொல்றான், இப்ப, இப்பவும் வரல, அவன் திருப்பத் திருப்ப இருந்த மற்ற சேனல்களும் ஒவ்வொன்றாகப் போய், சாயங்காலம் அப்பா வந்து மூன்று பேரையும் விளாசினார். டிஷ்காரர் வந்து சரி பண்ணினார், எல்லாம் வந்தது, பம்பரம் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த நம்பரில் மூட்டுவலித் தைலம் விற்கிறவர் உட்கார்ந்திருந்தார். சேனலையே மூடிவிட்டார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது, டிஷ்ஷைத் திருப்பியதில்தான் போய்விட்டது என்று செல்வம் ரொம்ப வருசம் நம்பிக்கொண்டிருந்தான், இப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், இன்னும் நம்புகிறானோ என்னவோ. அவளுக்கு வருத்தம் வேறு. மூடாமல் இருந்திருந்தால் இன்னொரு தடவை லைன் கிடைத்திருக்கும், இன்னொரு தடவை நடுவில் நின்றிருப்பாள், இந்தப் பெயர் ஒரு வாரத்துப் பெயராகப் போயிருக்கும்.

பார்த்துத் தொலைத்துவிடலாம் என்று போனைத் திருப்பினாள். பஸ்ஸில் நாலு பேர் கேட்கப் போட முடியாது, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டினாள். யாரோ ஒரு புண்ணியவான் அப்போதே பதிவு பண்ணி வைத்திருந்து இப்போது ஏற்றியிருக்கிறார், படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறு வேலை என்ன, தேடிப் பிடித்திருக்கிறான். பட்டாணி அண்ணன் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தார், அதுவே ஆச்சரியம், இப்போது தன்னைவிடச் சிறியவர். கீழே பட்டையில் யுவராஜ், கொல்லிமலை என்று எழுத்து வந்தது. அட, நம்ம ஊர். மரம், மூன்று பொந்து, அணில் ஓடியது, இடதில் தலை காட்டி, நடுவில் வால் காட்டி, வலதில் போய் ஒளிந்தது, அண்ணனின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, ஐந்தும் மடங்கின, திரையில் சிவப்புப் பெருக்கல் குறி, அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். இதைத்தான் அன்றைக்குச் செல்வம் பார்த்திருக்கிறான், இல்லை, அவன் வாசலுக்கு ஓடி வந்துவிட்டானே, அவனும் கடைசியைப் பார்க்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை, எல்லாரும் காட்டில். அப்படியானால் இந்தக் கடைசியை அவர்கள் மூன்று பேரில் ஒருவரும் அன்று பார்க்கவே இல்லை.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி முதலிலிருந்து ஓட்டி, போனைக் காதில் வைத்துக்கொண்டாள், யாரோடோ பேசுவது போல. பார்த்தால் கேட்க முடியாது, கேட்டால் பார்க்க முடியாது, மறுபடியும் அதே பிழைப்பு. ஹலோ யாருங்க பேசறது. யுவராஜுங்க. அடக் கடவுளே, குரல்கூட உடையாத யுவராஜ், சளி பிடித்த மாதிரி, பயந்துபோய், இவ்வளவு பயந்தானா அன்றைக்கு. டிவி முன்னாடிதானே இருக்கீங்க தம்பி. ஆமாங்க. பொய். பின்னால் காற்று, போனுக்குள் ஊதுகிற பாறைக் காற்று, அது அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. அப்போது, காற்றுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெல்லியதாக, வலதூ... என்று ஒரு பெண்பிள்ளையின் குரல். நாலு. யுவராஜ் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சு. மறுபடி, வலதூ... கொஞ்சம் கோபமாக. அப்புறம்தான் யுவராஜ், வலதுங்க, வலதுங்க என்று பதறினான், ஙொய்ங் என்று மணி அடித்தது, அடடா, லேட்டு தம்பி.

காதிலிருந்து எடுக்காமல் மறுபடி ஓட்டினாள். மூணு, வலதூ. மறுபடி. மூணு, வலதூ. மூன்றுக்கே வந்துவிட்டது. அவள் குரல்தான், அந்த இழுவை அவளுடையதுதான், இப்போது பிள்ளையைக் கூப்பிடும்போதும் அப்படித்தான் இழுக்கிறாள். எதுடா என்று திருப்பிக் கேட்டது எங்கே? அணில் வலதில் ஒளிந்து, செல்வம் பார்த்து, வாசலுக்கு ஓடி, கத்தி, தான் வாங்கிக் கத்தி, அது பாறைக்குப் போவதற்குள் மூன்று என்றால், நடுவில் திருப்பிக் கேட்க நேரமே இல்லை. கேட்டாளா? காற்று, செல்வத்தின் வாய் அசைவு, எதுடா... எவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது. நிஜமாகவே கேட்டாளா, இல்லை, ஆளாளுக்கு லேட்டு லேட்டு என்று சொல்லச் சொல்ல, அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று அப்புறம் தானே செய்து வைத்துக்கொண்டாளா. டிவியில் அவளும் வந்திருக்கிறாள். யுவராஜ் மட்டும் வந்ததாகத்தான் இத்தனை வருசமும் பேச்சு. அவன் ஏன் சொல்லவில்லை, மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்... விரல், பாறைக் காற்றுக்குக் காதை அடைத்திருந்த விரல். இப்போதும் போனை ஒரு காதில் வைத்தால் இன்னொரு காதில் விரலை விட்டுக்கொள்வான், வீட்டுக்குள் காற்றே இல்லாதபோதும், பக்கத்தில் நின்று சோறு போடட்டுமா என்று கேட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் எரிந்தது, கண்ணாயி பார்த்துவிடக்கூடாதே என்று ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். திருப்பத்தில் வலது கால் தகட்டை அழுத்தியது, அழுத்திய பிறகுதான் பஸ் குலுங்கி வேகம் குறைந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். கண்ணாயி அக்கா சற்று முன்னால் என்னவோ சொன்னாளே.

அடிவாரம் வந்து, வெயில் சுருக்கென்று ஏறி, காளப்பநாயக்கன்பட்டியில் கண்ணாயி மூட்டையோடு இறங்கினாள், போயிட்டு வா சாமி, பஸ்ஸையே ஓட்டிட்டு வந்துட்ட, குட்டியானை என்ன பெருசு என்று சொல்லிவிட்டுப் போனாள். போனில் டவர் நிறைந்திருந்தது. வீடியோவை அவன் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருப்பான், எல்லாரும் சிரித்திருப்பார்கள் என்று குரூப்பைத் திறந்தாள். ஒன்றுமில்லை, நேற்று யாரோ போட்ட பிறந்தநாள் கேக் மட்டும்தான். அவளுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறான். லேட்டு என்று எழுதவில்லை, எதுவுமே எழுதவில்லை. கேட்டிருப்பானோ? காதில் விரல் இல்லாமல், படுத்துக்கொண்டு, நிதானமாக, அந்த மூன்றைக் கேட்டிருப்பானோ, இல்லை, பழைய சிரிப்புக்குத்தான் அனுப்பினானோ. மாமா, இதை முழுசாக் கேட்டீங்களா என்று யுவராஜுக்கு அடித்து, அழிக்கலாமா என்று பார்த்து, அழிக்காமல் அனுப்பினாள். இரண்டு குறியும் நீலமாயின. டைப்பிங் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது. பஸ் நாமக்கல் ரோட்டில் ஏறி வேகம் பிடித்தது, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரமா, அடிக்கட்டும், மெதுவாகவே அடிக்கட்டும், அவன் எப்போதுமே கொஞ்சம் லேட்டு, என்று நினைத்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டாள், போட்ட பிறகுதான் யாரை என்ன பெயர் சொல்லி நினைத்தோம் என்பது உறைத்தது, முன்னால் லாரி ஒன்று வேகம் குறைந்தது, அவள் கால் ஏற்கனவே தகட்டின்மேல் இருந்தது.